மூன்று மெடல்கள், ஒரு கிழிந்த தாள்: பூட்டனார் பட்டாளத்தில் என்ன செய்தார்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். அம்பாசமுத்திரம் பக்கத்துப் பூர்வீக வீட்டைப் பிரிக்கும்போது ஒரு டிரங்குப் பெட்டியில் மூன்று மெடல்களும், பட்டாளத்திலிருந்து விடுவித்ததைக் காட்டும் டிஸ்சார்ஜ் தாள் ஒன்று பாதி கிழிந்தும் கிடைத்திருக்கின்றன. அவை உங்கள் ஆச்சியின் அப்பாவுடையவை. அவர் இரண்டாம் உலகப்போரில், ஜப்பானியரைத் தடுத்து நிறுத்திய கோஹிமாவில் (இன்றைய நாகாலாந்து) சண்டை போட்டவர் என்று வீட்டில் சொல்கிறார்கள். ஒரு மாமா மட்டும், இல்லை, நேதாஜி படையில் இருந்தவர் என்கிறார். கூடவே பட்டாளத்துக்குப் போன அவர் தம்பி திரும்பி வரவே இல்லை. இவர்களுக்கு அரசு மரியாதை ஏதும் உண்டா, ஊரில் ஒரு கல் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு முறை படித்தபோது எனக்குப் பட்டது, கல் வைப்பதில் உங்களுக்குத் தயக்கம் இல்லை. அதில் என்ன எழுதுவது என்பதில்தான் தயக்கம். நியாயமான தயக்கம். அதையே கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன்.

நான் ராணுவத்தில் கிளார்க்காக 24 வருடம் இருந்தவன். அதில் பாதி, சிப்பாய்களின் பதிவுகளை வைத்திருக்கும் ஒரு ரெக்கார்ட் ஆபீசில் கழிந்தது. துப்பாக்கியைத் தூக்கியதைவிடக் கோப்புகளைத் தூக்கியதுதான் அதிகம். ஓய்வுபெற்றுப் பாளையங்கோட்டைக்கு வந்தபிறகு, "அண்ணாச்சி, இதக் கொஞ்சம் பாருங்க" என்று யாராவது மஞ்சள் பையில் பழைய தாள்களோடு வருவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன். நான் சரித்திர ஆசிரியன் இல்லை. தாளில் இருப்பதைப் படிக்கத் தெரிந்தவன், அவ்வளவுதான்.

நீங்கள் போட்டிருக்கும் படத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது நிறைய இருக்கிறது. ஆறு முனை நட்சத்திரங்கள் இரண்டில், கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் என்று மூன்று சமமான பட்டைகள் கொண்ட ரிப்பனில் தொங்குவது 1939-45 ஸ்டார். நடுவில் அகலமான சிவப்பு, இருபுறமும் கருநீலம், அந்த நீலத்துக்குள் மெல்லிய ஆரஞ்சுக் கோடு என்று இருப்பது பர்மா ஸ்டார். வட்டமாக, ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலையும் மறுபக்கம் இரட்டைத் தலைப் பாம்பு மாதிரியான ஒரு மிருகத்தை மிதித்து நிற்கும் சிங்கமும் இருப்பது வார் மெடல். மூன்றாவது, 28 நாள் சீருடையில் இருந்த எல்லாருக்கும் கொடுத்தது. முதலாவது, தரைப்படையில் பொதுவாக ஆறு மாதமாவது போர்ப் பகுதியில் பணி செய்தால்தான் கிடைக்கும். ஆகவே பூட்டனார் ஏதோ பெங்களூரிலோ பூனாவிலோ பயிற்சி முகாமோடு திரும்பியவர் அல்ல. கிழக்குப் போர்முனைப் பகுதியில் மாதக்கணக்கில் இருந்திருக்கிறார். இதில் சந்தேகமே வேண்டாம்.

சந்தேகம் கோஹிமாவில்தான் ஆரம்பிக்கிறது. பர்மா ஸ்டார் என்றால் பர்மாவுக்குள் போனவர் என்றுகூட அர்த்தமில்லை. 1942 மே முதல் 1943 முடிய வங்காளம், அசாம் மாகாணங்களில் பணி செய்தவர்களுக்கும் அது உண்டு; 1944 தொடங்கியபிறகு அந்த இரண்டு மாகாணங்களின் கிழக்குப் பகுதிகளுக்குச் சுருக்கிவிட்டார்கள். ஆக அந்த ஸ்டார், கோஹிமா மேட்டில் பள்ளம் தோண்டி உட்கார்ந்திருந்தவருக்கும், திமாப்பூரில் லாரிக்கு டயர் மாற்றியவருக்கும், சிட்டகாங் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டவருக்கும் ஒன்றேதான். கோஹிமா சண்டை 1944 ஏப்ரல் தொடக்கத்தில் ஆரம்பித்து ஜூன் 22-இல் இம்பால் சாலை திறந்ததோடு முடிந்தது. மூன்று மாதத்துக்கும் குறைவு. ஆனால் நம் பக்கத்தில் பர்மா சண்டைக்குப் போன பெரியவர்கள் எல்லாருமே கோஹிமாவில் இருந்ததாகத்தான் வீடுகளில் சொல்கிறார்கள். கேட்பவர்களுக்குத் தெரிந்த ஊர்ப்பெயர் அதுதானே. தாத்தாக்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. பேரன்கள் கேட்ட கேள்விக்குத் தகுந்தபடி பதில் சுருங்கிப் போயிருக்கும்.

இதில் நானே ஒருமுறை தப்புச் செய்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் சேரன்மகாதேவிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று பர்மா ஸ்டாரைக் கொண்டுவந்து காட்டியது. அவருடைய பட்டாள நம்பர் தெரியுமுன்னே, ஆர்வத்தில், "கோஹிமாவாகத்தான் இருக்கும்" என்று வாய்விட்டேன். அவர்கள் அதைக் கல்லில் வெட்டிவிட்டார்கள். பிறகு பதிவு வந்தபோது அவர் பயனியர் கம்பெனியில் ரோடு போட்டவர் என்று தெரிந்தது. கல்லுடைத்து, மண் சுமந்து, மழையில் சரிந்த பாதையை மறுபடி மறுபடி செப்பனிட்ட ஆள். அந்தப் பாதை இல்லாவிட்டால் முன்னால் நின்றவனுக்குச் சோறும் தோட்டாவும் போயிருக்காது. 1943-இல் அந்தக் காட்டில் காயத்தால் ஒருவர் வெளியேற்றப்பட்டால், மலேரியா, வயிற்றுக்கடுப்பு போன்ற நோய்களால் 120 பேர் வெளியேற்றப்பட்டதாக அங்கே படை நடத்திய தளபதி ஸ்லிம் பிறகு எழுதினார். அந்த இடத்தில் மண்வெட்டியோடு இரண்டு மழைக்காலம் தாங்கியவருக்கு இரவல் பெருமை எதற்கு? ஆனால் குடும்பத்துக்கு முகம் வாடிப்போனது. என்னால் வந்த வாட்டம். அதிலிருந்து நம்பரைப் பார்க்காமல் நான் ஊர்ப்பெயர் சொல்வதில்லை.

மாமா சொல்லும் நேதாஜி படை விஷயம். இதை அநேகமாக இல்லை என்றுதான் சொல்வேன். முழுக்க மறுக்க மாட்டேன். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தபோது பிடிபட்ட இந்தியச் சிப்பாய்கள் பலரும், மலேயா ரப்பர் தோட்டங்களில் இருந்த நம் தமிழ்ச் சனம் ஏராளமும் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். சேர்ந்த சிப்பாய்களில் பெரும்பாலோரை போர் முடிந்ததும் ஆங்கிலேய அரசு வேலையிலிருந்து நீக்கியது. அப்படி நீக்கப்பட்டவர் கையில் அதே அரசின் பர்மா ஸ்டார் வந்திருப்பது கஷ்டம். உங்கள் தாளில் நன்னடத்தை பற்றி ஒரு வரி ஆங்கிலத்தில் தெரிகிறது; அதுவும் நீக்கப்பட்டவர் தாள் மாதிரி இல்லை. ஒருவேளை மாமா சொல்வது திரும்பாத தம்பியைப் பற்றியதாக இருக்கலாம். அண்ணன் தம்பி கதைகள் எண்பது வருடத்தில் ஒன்றாகக் கலந்துவிடுவது புதிதல்ல. மாமாவிடம் மலேயா என்ற பேச்சு எப்போதாவது வந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, இனி செய்ய வேண்டியது. எல்லாம் நம்பரில் இருக்கிறது. பட்டாளத்தில் பெயர் மாறும், ஊர் மாறும், வயதுகூட மாறும், நம்பர்தான் ஆள். உங்கள் தாளில் நம்பர் இருந்த மூலை கிழிந்திருக்கிறது. கவலை வேண்டாம். இங்கிலாந்துக்காரர்களுக்கு இரண்டாம் உலகப்போர் மெடல்களைப் பெயர் வெட்டாமலே கொடுத்தார்கள். இந்தியர்களுக்கோ நம்பர், பெயர், படைப்பிரிவு பொறித்துக் கொடுத்தார்கள். நட்சத்திரமாக இருந்தால் பின்பக்கம், வட்டமாக இருந்தால் விளிம்பில் பாருங்கள். ஒரு முக்கியமான வேண்டுகோள்: அதற்கு முன்னால் யாரும் புளி போட்டுத் தேய்த்துவிட வேண்டாம். நம் வீடுகளில் பித்தளை மாதிரி எது கண்ணில் பட்டாலும் குத்துவிளக்கோடு சேர்த்துப் பொங்கலுக்குப் பொங்கல் தேய்த்துவிடுவார்கள். பொறிப்பு மிக மெலிசு. எழுத்து முழுக்க வழுக்கிப்போன ஸ்டார்களைக் கையில் வைத்துக்கொண்டு நான் விழித்திருக்கிறேன். முதல் உலகப்போரின் வெள்ளி மெடல்களுக்கு நேர்ந்தது இன்னும் மோசம். வெள்ளி என்பதாலேயே அவை தட்டான் கடைக்குப் போய்க் கொலுசாகிவிட்டன.

படைப்பிரிவு தெரிந்தால் எழுத வேண்டிய இடம் தெரிந்துவிடும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரியில் வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்கள் (பொறியாளர் படை), பயனியர், சப்ளை கோர் என்றால் பெங்களூர். பீரங்கிப் படை நாசிக், சிக்னல்ஸ் ஜபல்பூர், மெடிக்கல் கோர் லக்னோ, வண்டி பழுதுபார்க்கும் இ.எம்.இ. என்றால் செகந்திராபாத். ஒரு பக்கத்துக்கு மேல் போகாத கடிதம், மெடல் பின்பக்கப் படம், டிஸ்சார்ஜ் தாள் நகல், உங்களுக்கும் அவருக்கும் உள்ள உறவைக் காட்டும் தாள்கள் ஆகியவற்றை ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். எதிர்பார்ப்பை மட்டும் அடக்கி வையுங்கள். போர் முடிந்ததும் 1946, 47-இல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் பென்ஷனுக்குத் தேவையான 15 வருடம் முடிக்காதவர்கள். பென்ஷன் இல்லாதவர்களின் சர்வீஸ் தாள்களை 25 வருடம் வைத்திருந்து அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி. ஆகவே தடித்த கோப்பு எதுவும் வராது. லாங் ரோல் என்று ஒரு பெரிய பேரேடு உண்டு. அதில் ஒரே ஒரு வரி இருக்கும். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, காரணம். அந்த ஒரு வரிதான் உங்கள் கல்லுக்கு வேண்டியது. நான் ஒரு குடும்பத்துக்காக எழுதிய கடிதத்துக்கு 14 மாதம் கழித்து வேறு யாரோ ஒருவருடைய விவரம் வந்தது; நம்பரில் ஒரு இலக்கத்தை மாற்றிப் படித்திருந்தார்கள். மறுபடி எழுதினேன், சரியானது வந்தது. பொறுமை வேண்டும்.

பெயர் எழுத்துக்கூட்டல் பற்றி ஒரு வார்த்தை. பழைய பதிவில் நம் மாவட்டம் டின்னவெல்லி. பாளையங்கோட்டை பாலம்கோட்டா, தூத்துக்குடி டூட்டிகோரின். சுடலைமுத்து என்ற பெயரை ஆட்சேர்ப்பு முகாம் கிளார்க் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அவர் மலையாளியாகவோ பஞ்சாபியாகவோ இருந்தால் கேட்கவே வேண்டாம். தூத்துக்குடி, கோவில்பட்டி, திருச்செந்தூர், தென்காசி எல்லாமே அன்று ஒரே திருநெல்வேலிச் சீமை. ஆனால் செங்கோட்டை மட்டும் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. உங்கள் ஆச்சி வீட்டுக்கு அந்தப் பக்கம் சம்பந்தம் உண்டென்றால் திருவிதாங்கூர் என்றும் தேடுங்கள்.

இப்போது தம்பி. உங்கள் கேள்வியில் அவருக்கு ஒரே வரிதான் கொடுத்திருக்கிறீர்கள். எனக்கோ அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வழி அதிகம் என்று தோன்றுகிறது, ஏனென்றால் உயிரோடு திரும்பியவர்களைவிட இறந்தவர்களின் பதிவு கெட்டியாக இருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இறந்த ஒவ்வொருவர் பெயரையும் இணையத்தில் வைத்திருக்கிறது. காசு இல்லை, யாரும் தேடலாம். பெயர் மட்டும் போட்டால் ஆயிரக்கணக்கில் வரும். கூடுதல் தகவல் பகுதியில் டின்னவெல்லி என்ற பழைய எழுத்துக்கூட்டலைப் போட்டுப் பாருங்கள். அப்பா பெயர், ஊர், சிலருக்கு மனைவி பெயர்கூட இருக்கும். பர்மாவில் இறந்து அடக்க இடம் தெரியாதவர்கள் என்றால் யாங்கோனுக்கு வெளியே தௌக்யான் கல்லறைத் தோட்டத்தில் உள்ள ரங்கூன் நினைவுத் தூண்களில் இருப்பார்கள். ஏறத்தாழ 27,000 பெயர்கள். கோஹிமாவில் தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேருக்குத் தனி நினைவிடம் இருக்கிறது. மலேயாவில் இறந்தவர் என்றால் சிங்கப்பூரின் கிராஞ்சி. இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து இறந்திருந்தால் மட்டும் இந்த வரிசையில் இருக்க வாய்ப்புக் குறைவு.

பெயர் கிடைத்தால் கூடவே இறந்த தேதியும் கிடைக்கும். வெளியூர்க்காரர்களுக்கு இது வெறும் தகவல். நம் வீடுகளில் அப்படி இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு ஆச்சி, தொண்ணூறு வயதை நெருங்கியவர், அண்ணன் எந்த நாளில் போனான் என்று தெரியாமல், திதி இல்லாதவனுக்கு ஆடி அமாவாசைதான் கதி என்று வருடாவருடம் பாபநாசத்தில் தாமிரபரணியில் எள்ளும் தண்ணீரும் விட வைத்துக்கொண்டிருந்தார். பேரன் கம்ப்யூட்டரில் தேடி, தேதியை எடுத்து, அந்த வருடத்துப் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்த்துத் திதியைச் சொன்னபோது அவர் அழவில்லை. "மாசியில தான் போயிருக்கான், நான் ஆடியில கும்பிட்டுக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார். அடுத்த மாசியில் வீட்டிலேயே இலை போட்டுச் சாப்பாடு வைத்தார்கள். அரசு மரியாதையை எல்லாம் அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

அரசு பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப்போர் வீரர்களுக்கும் அவர்கள் கைம்பெண்களுக்கும் தமிழக அரசு மாதாந்திர உதவி கொடுக்கிறது. பேரப்பிள்ளைகளுக்கு இல்லை. உங்கள் பூட்டனாரும் பூட்டியும் காலமாகிவிட்டதால் பணமாக எதுவும் வராது. வாங்கித் தருகிறேன் என்று யாராவது கமிஷன் கேட்டால் கிளம்பிவிடுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போவதில் ஒரு லாபம் உண்டு: ரெக்கார்ட் ஆபீசுக்கான கடிதத்தை அவர்கள் மூலமாக அனுப்பினால் கவனம் கிடைக்கும். டில்லியில் 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் சுதந்திரத்துக்குப் பிறகு உயிர்விட்டவர்களின் பெயர்கள்தான் இருக்கின்றன. உங்கள் பூட்டனாரும் அவர் தம்பியும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

கல்லுக்கு வருவோம். தாராளமாக வையுங்கள், சொந்த நிலத்தில் அல்லது கோயில், சர்ச் நிர்வாகம் சம்மதித்த இடத்தில். முதல் உலகப்போருக்குப் பிறகு ஆங்கிலேயர்கள் பல ஊர்களில் ஒரே மாதிரிக் கல் பதித்தார்கள்: இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று எண்ணிக்கை மட்டும். ஒரு பெயரும் இருக்காது. அந்தத் தவறை நீங்கள் செய்ய வேண்டாம். பெயர், அப்பா பெயர், நம்பர், பதவி, படைப்பிரிவு, சேர்ந்த வருடம், விலகிய வருடம். தம்பிக்கு இறந்த தேதியும் பெயர் பொறித்த இடமும். தியாகி என்ற சொல்லைத் தவிர்க்கச் சொல்வேன். நம் ஊரில் அது விடுதலைப் போராட்டக்காரர்களைக் குறிக்கும், மாமா கதை மறுபடி உயிர்பெற்றுவிடும். திறப்பு நாளில் தேசியக் கொடியைக் கல்லுக்குப் போர்த்தி விலக்குவதும் வேண்டாம். அரசு, ராணுவ, துணை ராணுவ இறுதி மரியாதை தவிர வேறெங்கும் கொடியைப் போர்வையாகப் பயன்படுத்தச் சட்டம் அனுமதிக்கவில்லை. கம்பத்தில் ஏற்றுங்கள், கல்லுக்கு ஒரு பட்டுத்துணி போதும். நாள் பார்ப்பதென்றால் டிசம்பர் 7 கொடிநாள் இருக்கிறது. ஜனவரி 14 முன்னாள் படைவீரர் நாள். ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி ஜெனரல் கரியப்பா 1953-இல் ஓய்வுபெற்ற தேதி அது. ஆனால் பொங்கல் வேலையில் நம் ஊரில் யாரும் வரமாட்டார்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். உங்கள் ஊரில் உயிரோடு இருக்கும் பட்டாளத்தாரையும் அந்தக் கல் திறப்புக்குக் கூப்பிடுங்கள், முக்கியமாக 1987-லிருந்து 1990 வரை இலங்கைக்குப் போய் வந்தவர்களை. அமைதிப்படையில் ஏறத்தாழ 1,200 பேர் அங்கே இறந்தார்கள். தமிழ் பேசும் சிப்பாய்க்கு அது எப்படிப்பட்ட வேலை என்று யோசித்துப் பாருங்கள்: சோதனை போடப் போகும் வீட்டில் கிழவி தன் ஆச்சி மாதிரியே பேசுகிறாள். 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல்கள் சென்னைக்கு வந்தபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்புக்குப் போகவில்லை. அவர் காரணம் அவருக்கு. அந்தப் படை அங்கே செய்ததாகச் சொல்லப்படுபவை பற்றி ஈழத் தமிழர்களின் காயமும் பொய்யில்லை. ஆனால் இறங்கி வந்த சிப்பாய் அனுப்பப்பட்ட இடத்துக்குப் போனவன். என் தெருவில் ஒருவர் இருக்கிறார். இலங்கை என்று பொறித்த பட்டையோடு வெளிநாட்டுச் சேவை மெடல் அவரிடம் உண்டு, பீரோவில். குடியரசு தினத்துக்கு மற்ற மெடல்களைக் குத்திக்கொண்டு வருவார், அதை மட்டும் குத்தமாட்டார். இருபது வருடப் பழக்கத்தில் ஒருமுறைதான் அதைப்பற்றிப் பேசினார், அதையும் இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை. அவருடைய பேரன் ஒருநாள் உங்களைப் போலப் பெட்டியைத் திறந்து, கேட்க ஆளில்லாமல் நிற்கக்கூடாது. செல்போனில் பதிவு செய்ய ஒரு மணி நேரம் போதும்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். பர்மா ஸ்டாரைக் கவிழ்த்து வைத்து, மேலே எண்ணெய்த்தாள் மாதிரி மெல்லிய தாளைப் போட்டு, பென்சிலைப் படுக்கைவாக்கில் பிடித்து லேசாகத் தேயுங்கள். சாயங்கால வெயிலில் சாய்த்துப் பார்த்தாலும் எழுத்து தெரியும். நம்பர் முழுக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, தெரிகிற இலக்கங்களோடு படைப்பிரிவின் சுருக்கெழுத்தையும் இங்கே எழுதுங்கள். கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.